தயிரில் இருக்கும் பாக்டீரியா கேன்சர் செல்லைக் கொல்லுமா?

கேள்வி | 4 ஜூன் 2025, இரவு 9.50 | கொளத்தூர்

அம்மாவுக்குப் பெருங்குடலில் கேன்சர். ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்தது, இப்போது கீமோ ஓடுகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ், வீட்டில் 14 நாள் மாத்திரை. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் பெரியப்பா ஒன்று அனுப்பினார். தயிர் பாக்டீரியா சுரக்கிற ஏதோ ஒரு பொருள் கீமோ மருந்தைவிட நன்றாகக் கேன்சர் செல்லைக் கொல்கிறதாம், நல்ல செல்லை அவ்வளவாகத் தொடாதாம், ஜப்பான்காரர்கள் நிரூபித்துவிட்டார்களாம். மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தால் ப்ரோபயாடிக் என்று உயிருள்ள பாக்டீரியா அடைத்த கேப்சூலை எடுத்து நீட்டுகிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? டாக்டரிடம் கேட்டால் கோபப்படுவார் என்று அம்மா பயப்படுகிறார். இங்கே பயோடெக் படித்த அக்கா ஒருவர் எழுதுவாரே, அவர் இருந்தால் சொல்லவும்.

5 ஜூன், காலை 6.15

அந்த அக்கா நான்தான். வாங்காதே தம்பி, முதலில் டாக்டரிடம் கேள். கோபப்பட்டால் படட்டும். கேள்வியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு மேலேயே வைத்துவிடு, அம்மா வாய் திறக்கவே வேண்டாம். பெரியப்பா அனுப்பியது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் தொல்லையே. ராத்திரி வந்து எழுதுகிறேன், சோழிங்கநல்லூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

5 ஜூன், இரவு 10.40

அந்த ஜப்பான் ஆராய்ச்சி நிஜம். அசாஹிகாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2016இல் வந்தது. லாக்டோபேசில்லஸ் கேஸியை ஒரு திரவத்தில் வளர்த்து, பாக்டீரியாவை வடிகட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த தண்ணீரைப் பெருங்குடல் கேன்சர் செல் மேல் ஊற்றியிருக்கிறார்கள். செல் செத்தது. அந்தத் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் கொல்கிற ஆள் யார் என்று தெரிந்தது: ஃபெர்ரிக்ரோம். இரும்பைப் பற்றிப் பிடித்துக்கொள்கிற ஒரு சின்ன வளைய மூலக்கூறு. முதலில் கண்டுபிடித்தது 1952இல், அதுவும் ஒரு பூஞ்சையில். அது கேன்சர் செல்லைத் தானே சாகச் செய்கிற ஒரு பாதையைக் கிளப்பிவிடுகிறது. அதே சோதனையில் சிஸ்பிளாட்டின், ஃப்ளூரோயுராசில் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும்விட அதிகமாகக் கொன்றது, சாதாரணக் குடல் செல்லை அவற்றைவிடக் குறைவாகவே பாதித்தது. பெரியப்பா அனுப்பியது இதுவரைக்கும் சரி. (அம்மா சாப்பிடும் மாத்திரை கேப்சிடபினாக இருந்தால், அது உடம்புக்குள் போய் ஃப்ளூரோயுராசிலாகத்தான் மாறும். அதனால்தான் அந்த ஒப்பீடு படிக்கிறவர்களைச் சுண்டி இழுக்கிறது.)

இப்போது தயிருக்கு வருவோம். அவர்கள் வைத்திருந்தது ஏடிசிசி 334 என்று எண் போட்ட ஒரே ஒரு வகை, சீஸிலிருந்து எடுத்தது. நம் வீட்டு உறை மோரில் இருப்பது யாரென்று யாருக்குத் தெரியும்? என் மாமியார் ஊருக்குப் போய்வந்த நாளில் உறைக்கு ஒன்றும் இல்லையென்றால் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டுத் தோய்ப்பார், அதுவும் தயிராகிவிடும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கின உறையில் வேறு கூட்டம் இருக்கும். ஒரே இனத்திலேயே ஒரு வகை செய்வதை அடுத்த வகை செய்யாது.

பேரும் மாறிவிட்டது, சொல்லிவைக்கிறேன். 2020இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய குடும்பத்தை 25 பேரினங்களாக உடைத்துவிட்டார்கள், கேஸி இப்போது லாக்டிகேஸிபேசில்லஸ். கேப்சூல் அட்டையில் இன்னும் பழைய பேர்தான். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி எத்தனை வருடம், கண்டக்டர் இன்னும் மவுண்ட் ரோடு என்றுதான் கத்துகிறார், அந்தக் கதை.

6 ஜூன், இரவு 11.20

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ வெளியே நின்று பார்த்த ஆள் எழுதினதுபோல் இருக்கிறது. நானும் இதே வேலையைச் செய்தவள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

2009, எம்எஸ்சி கடைசி செமஸ்டர், வண்டலூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. என் ப்ராஜெக்ட் இட்லி மாவு. புளித்த மாவிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து (லூகோநாஸ்டாக்தான் நிறைய, மாவைப் பொங்க வைக்கிறவன் அவன்), எம்ஆர்எஸ் திரவத்தில் வளர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, அந்த நீரை எச்டி-29 செல் மேல் விட வேண்டும். எச்டி-29 என்பது 1964இல் ஒரு பெண்ணின் பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்த செல், இன்றுவரை உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. எங்களுக்குப் புனேயில் இருக்கிற என்சிசிஎஸ் என்ற செல் ஆராய்ச்சி மையத்திலிருந்து கூரியரில் வந்தது. முதல் ஃப்ளாஸ்க் பூஞ்சை பிடித்துப் போயிற்று, கரண்ட் போன ராத்திரி இன்குபேட்டரை யாரும் கவனிக்கவில்லை. நான் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டாவது ஃப்ளாஸ்கில் வேலை நடந்தது. 96 குழித் தட்டு, எம்டிடி சோதனை: மஞ்சள் சாயம் ஊற்றினால் உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக்கும், செத்தது ஆக்காது. என் குழிகளில் ஊதாவே காணோம். பாதிக்கு மேல் செல் காலி! நான் குதித்தேன், கைடு தோளைத் தட்டினார், தலைப்பில் 'புற்றுநோய் எதிர்ப்புத் திறன்' என்ற சொல் ஏறிவிட்டது.

அச்சுக்குப் போவதற்கு பத்து நாள் முன்னால் சீனியர் ஒருத்தி கேட்டாள், பிஹெச் சரிபண்ணினாயா என்று. லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்த தண்ணீர் லாக்டிக் அமிலமாகத்தானே இருக்கும், பிஹெச் 4 பக்கம். எலுமிச்சம்பழச் சாற்றுக்கு அண்ணன் தம்பி. அதைச் செல் மேல் ஊற்றினால் எந்தச் செல்தான் பிழைக்கும்? சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு 7.2க்குக் கொண்டுவந்து திரும்பச் செய்தேன். செல் கொஞ்சம்தான் குறைந்தது. வெறும் எம்ஆர்எஸ் திரவத்தை மட்டும் ஊற்றிய குழியிலும் ஏறக்குறைய அதே அளவு. கைடு பார்த்தார். 'ஒரு தட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இது வேண்டாம்' என்றார். தீசிஸில் அது இல்லை.

ஜப்பான்காரர்கள் என்னைப் போல் நிறுத்தவில்லை, மூலக்கூறைத் தனியே பிரித்தெடுத்தார்கள், அதனால் அந்த வேலைக்கு மரியாதை உண்டு. ஆனால் 'இந்த நொதித்த உணவின் சாறு கேன்சர் செல்லைக் கொன்றது' என்று எங்கே படித்தாலும், அமிலத்தைச் சரிசெய்தார்களா, வெறும் திரவம் மட்டும் ஊற்றின குழி இருந்ததா, நல்ல செல்லிலும் பார்த்தார்களா என்று தேடிப் பாருங்கள். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது என் தீசிஸ்.

7 ஜூன், மதியம்

ஃபெர்ரிக்ரோமைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ப்யூட்டிரேட். தயிர் பாக்டீரியா குடலில் நாரைத் தின்று சுரக்கிற ஒரு குட்டிக் கொழுப்பு அமிலம். பெருங்குடல் சுவரின் செல்லுக்கு அதுதான் சோறு, தனக்கு வேண்டிய சக்தியில் 70 சதவீதத்துக்குப் பக்கம் அதிலிருந்துதான் எடுக்கிறது. கேன்சர் செல்லுக்கோ சர்க்கரைப் பைத்தியம் (இதை 1920களிலேயே பார்த்துச் சொன்னவர் ஓட்டோ வார்பர்க்). அது ப்யூட்டிரேட்டை எரிக்காமல் விட்டுவிடுகிறது, எரியாதது உள்ளே தேங்குகிறது, தேங்கினது நியூக்ளியஸுக்குள் புகுந்து ஹெச்டாக் என்கிற என்சைமைக் கட்டிப்போடுகிறது, மூடிக்கிடந்த ஜீன்கள் சில திறக்கின்றன, செல் பெருகுவது நிற்கிறது அல்லது செத்துப்போகிறது. ஒரே பொருள் நல்லவனுக்குச் சாப்பாடு, கெட்டவனுக்கு விஷம். முதல் தடவை வகுப்பில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

இதே ஹெச்டாக்கைக் கட்டிப்போடுகிற மருந்து ஒன்று, வோரினோஸ்டாட், 2006இல் அமெரிக்காவில் தோலில் வரும் ஒரு வகை லிம்ஃபோமா கேன்சருக்கு அனுமதி வாங்கியது. ஆக இந்தப் பாதை கற்பனை இல்லை.

8 ஜூன், காலை

நேற்று தப்பாக எழுதிவிட்டேன், திருத்தம். தயிர் பாக்டீரியா ப்யூட்டிரேட் செய்யாது. அது செய்வது லாக்டேட். ப்யூட்டிரேட் செய்கிறவர்கள் வேறு கும்பல்: ஃபேகலிபாக்டீரியம், ரோஸ்பூரியா, அனெரோஸ்டிபெஸ் மாதிரி ஆட்கள். காற்றுப் பட்டாலே செத்துவிடுவார்கள், அதனால் கடைத் தயிரிலும் கிடையாது, வழக்கமான கேப்சூலிலும் கிடையாது. ஏற்கெனவே நம் குடலில் குடியிருக்கிறவர்கள். அவர்களில் சிலர் லாக்டேட்டை வாங்கி ப்யூட்டிரேட்டாக மாற்றுவார்கள், அந்த வகையில் தயிர்க்காரனுக்கு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு, அவ்வளவுதான். தூக்கத்தில் எழுதினால் இப்படித்தான். மேலே இருப்பதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

8 ஜூன், இரவு

நெய்யிலும் ப்யூட்டிரேட் உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம் சார், ப்யூட்டிரிக் என்ற பேரே வெண்ணெயிலிருந்து வந்ததுதான், வெண்ணெயிலும் நெய்யிலும் 3-4 சதவீதம் இருக்கும். ஆனால் நெய்யில் வருவது சிறுகுடல் மேல்பாதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், பெருங்குடலை எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே வேண்டுமென்றால் அங்கேயே தயாராக வேண்டும். தயாராகிறபோது பெருங்குடலுக்குள் 10-20 மில்லிமோலார் அளவுக்கு இருக்கும், ரத்தத்தில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல. நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார்கள், ரத்தப் புற்றுநோய் ஆட்களுக்கு, 1980களில். சில நிமிடத்தில் கரைந்து காணாமல் போயிற்று. சரக்கு நல்லதுதான், வீடு வந்து சேர்வதில்லை.

நெய் தோசை சாப்பிடுங்கள், அதற்கு ஏன் காரணம் தேடுகிறீர்கள்.

9 ஜூன்

லேபில் சோடியம் ப்யூட்டிரேட் பாட்டிலை ஏசி அறையில் ஒரு தடவை திறந்தோம். நாள் பூராவும் யாரோ வாந்தி எடுத்து வைத்த பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அமிர்தம் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை முகர்ந்து பார்க்கட்டும்.

14 ஜூன், இரவு 12.10

கொளத்தூர்த் தம்பி தனிமடலில் கேட்டது: 'நீங்கள் உங்கள் வீட்டில் யாருக்காவது கொடுத்தீர்களா?' பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடுத்தேன். அப்பாவுக்கு, 2022இல். அவருக்கும் பெருங்குடல்தான், வலது பக்கம். ஆபரேஷன், அப்புறம் உன் அம்மாவுக்கு ஓடுகிற அதே மாதிரி கீமோ. டிரிப்ஸில் ஆக்சாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றின நாலைந்து நாளைக்குக் குளிர்ச்சியான எதையும் தொடக் கூடாது, தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தும், குடித்தால் தொண்டை இறுகும். அறுபது வருடமாக ராத்திரி தயிர்சாதம் இல்லாமல் தூங்காத மனிதர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர்க் கிண்ணத்தைப் பிடித்ததும் கையை உதறினார், கிண்ணம் உடைந்து தயிர் சுவரெல்லாம் தெறித்தது. அதன் பிறகு அம்மா தயிரை வெளியே வைத்து வெயில் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார், அதற்குள் புளித்துவிடும், அவருக்குப் பிடிக்காது.

சரி, தயிர்தான் இறங்கவில்லை, பாக்டீரியாவையாவது கேப்சூலில் கொடுப்போம் என்று நானே மெடிக்கலில் போய் வாங்கினேன். பத்து கேப்சூல் முந்நூற்றுச் சொச்சம். அட்டையில் எத்தனையோ கோடி பாக்டீரியா என்று போட்டிருந்தது. ஃபெர்ரிக்ரோம் கட்டுரையை அப்போதே படித்திருந்தேன். அமிலத்தைச் சரிசெய்யாத தட்டை அச்சில் ஏற்றிய அதே ஆள்தான் நான், இருந்தும் வாங்கினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. 'இதெல்லாம் தயிர்தானே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது கீமோ சைக்கிளுக்கு முன்னால் நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணு) 900க்கு இறங்கியது. டாக்டர் வழக்கம்போல், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். நான் முழித்தேன். அப்பா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டர் கத்தவெல்லாம் இல்லை. எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணம் கீமோதான், இது இல்லை என்றார். ஆனால் காவலே இல்லாத வீட்டுக்குள் கோடிக்கணக்கில் உயிரோடு ஆளை அனுப்புகிறீர்களே, குடல் சுவரும் கீமோவில் புண்ணாகித்தான் இருக்கிறது, அந்த வழியாக ரத்தத்துக்குள் போனால் என்ன செய்வீர்கள் என்றார். கேப்சூலில் இருந்த அதே பாக்டீரியா நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. அபூர்வம்தான். ஆனால் அப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலைமையில் இருக்கிறவர்கள்தான்.

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார்.

15 ஜூன், காலை

ராத்திரி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறாரே, அவருக்காக.

1993, ஜப்பான். அக்கி எனப்படும் ஷிங்கிள்ஸுக்கு சோரிவுடின் என்று ஒரு வைரஸ் மாத்திரை புதிதாகச் சந்தைக்கு வந்தது. ஃப்ளூரோயுராசில் வகைக் கேன்சர் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். குடல் பாக்டீரியா அந்த மாத்திரையை உடைத்து ஒரு பொருளைச் செய்தது. அந்தப் பொருள் போய், கல்லீரலில் ஃப்ளூரோயுராசிலை அழிக்கிற என்சைமை அடியோடு முடக்கியது. கேன்சர் மருந்து உடம்பில் ஏறிக்கொண்டே போய் பதினைந்து பேர் செத்தார்கள். கேப்சூலால் நடந்தது இல்லை இது, குடலில் ஏற்கெனவே இருந்த பாக்டீரியாவால் நடந்தது. இரினோடெகான் என்ற மருந்தால் வருகிற பேதிக்கும் காரணம் பாதி இவர்கள்தான், கல்லீரல் மூட்டை கட்டி வெளியேற்றின மருந்தைக் குடலில் அவிழ்த்துவிடுகிறார்கள். கீமோ நடக்கிற வயிற்றில் யாரை அனுப்புகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை, வேறொன்றும் சொல்ல வரவில்லை.

15 ஜூன், மாலை

இன்னொரு பக்கமும் உண்டு, ஒரு தலையாகப் பேசக் கூடாது. இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கேன்சர் மேல் ஏவுகிற சிகிச்சை, வாங்குகிற ஆட்களிடம் நடந்த இரண்டு ஆராய்ச்சி.

ஒன்று, 2021, அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் கேன்சர் நோயாளிகள். ஒரு நாளைக்கு 20 கிராமுக்கு மேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் அதிகம். கடையில் வாங்கிய ப்ரோபயாடிக் சாப்பிட்டதில் அப்படி லாபம் எதுவும் தெரியவில்லை. எலிகளுக்கு அதே கேப்சூல் சரக்கைக் கொடுத்தபோது சிகிச்சை மங்கிப்போனது.

இரண்டு, 2022, சிறுநீரகக் கேன்சர். க்ளாஸ்ட்ரிடியம் ப்யூட்டிரிகம் என்ற, ப்யூட்டிரேட் செய்கிற பாக்டீரியாவின் ஒரு வகையை (சிபிஎம் 588, ஜப்பானில் வெகுகாலமாக விற்பது) இம்யூனோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நோய் முற்றாமல் நின்ற காலம் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 12.7 மாதம், கொடுக்காதவர்களுக்கு 2.5 மாதம். வாயைப் பிளக்க வைக்கிற வித்தியாசம். ஆனால் மொத்தமே 29 பேர். எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்குக்கே அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

முதலாவதில் கேப்சூல் காலை வாருகிறது, இரண்டாவதில் தூக்கிவிடுகிறது. முரண் என்று முதலில் நினைத்தேன். இரண்டு தடவை படித்த பிறகு, இரண்டிலும் ப்யூட்டிரேட் தயாரிக்கிற கும்பலுக்குத்தான் வேலை கிடைத்திருக்கிறது என்று படுகிறது. நார் சாப்பிட்டவர் இருக்கிற ஆட்களுக்குத் தீனி போட்டார், சிபிஎம் வாங்கினவர் ஆளையே இறக்கினார். இது என் ஊகம், பரீட்சையில் எழுதாதீர்கள்.

22 ஜூன்

'அலோபதி ஏஜென்ட்' என்று எனக்குப் பட்டம் கொடுத்தவருக்கு நன்றி, கமிஷன் எப்போது வரும் என்று சொன்னால் ஆடிக்கு முன்னால் ஏசி சர்வீஸ் பண்ணிவிடுவேன்.

மனிதர்களிடம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லையே. ஷிரோட்டா வகை கேஸி, 1930இல் பிரித்தது, யாகுல்ட் பாட்டிலில் இருப்பது. பெருங்குடலில் கட்டி எடுத்த 398 பேரை நான்கு வருடம் பார்த்தார்கள், 2005இல் முடிவு வந்தது. கட்டி திரும்ப வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வந்த கட்டிகளில் மோசமான வகை மட்டும் கேஸி சாப்பிட்டவர்களிடம் குறைவு. கூடவே ஒரு வேடிக்கை, கோதுமைத் தவிடு கொடுத்த பிரிவில் பெரிய கட்டிகள் கூடுதலாக இருந்தன. நார் நார் என்று பத்து நாளாக நான் பாடுகிற பாட்டுக்கு அது ஒரு குட்டு. எல்லா நாரும் ஒன்றில்லை என்று சமாளிக்கலாம், உண்மையும் அதுதான், இருந்தாலும் குட்டு குட்டுதான்.

இன்னொன்று சிறுநீர்ப்பைக் கேன்சர், 2008, 202 பேர். கட்டியைச் சுரண்டி எடுத்து, பைக்குள் மருந்து விட்டு, பாதிப் பேருக்குக் கேஸி பொடியும் ஒரு வருடம் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பொடி சாப்பிட்டதில் 74.6 சதவீதம், சாப்பிடாததில் 59.9. உயிர் பிழைத்திருப்பதில் வித்தியாசம் இல்லை. பைக்குள் விடுகிற மருந்துகளில் பழைய பெரிய ஆள் பிசிஜி, நம் குழந்தைகளுக்குத் தோளில் குத்துகிற அதே காசநோய்த் தடுப்பூசி பாக்டீரியாதான். பாக்டீரியாவை வைத்துக் கேன்சருக்கு மருத்துவம் என்பது ஆஸ்பத்திரிக்குப் புதிது இல்லை. டாக்ஸோரூபிசின், ப்ளியோமைசின், மைட்டோமைசின் மூன்றும் மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்துச் சரக்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் போடுகிற அஸ்பரஜினேஸ் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியாவிலிருந்து வருவது. அதையெல்லாம் தனியே பிரித்து, அளந்து, ஊசியில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். மண்ணை அள்ளிச் சாப்பிடச் சொல்வதில்லை.

3 ஜூலை

'போஸ்ட்பயாடிக்' பற்றிக் கேட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தால்தானே ரத்தத்துக்குள் போகும் பயம், செத்த பாக்டீரியாவைக் கொடுத்தால்? அந்த யோசனைதான் அந்தச் சொல். 2021இல் நிபுணர் குழு ஒன்று இலக்கணம் வகுத்தது: உயிரற்ற நுண்ணுயிர் அல்லது அதன் பாகங்கள், ஆளுக்கு நன்மை தருவதாக இருக்க வேண்டும். தனியே சுத்திகரித்த ப்யூட்டிரேட்டோ ஃபெர்ரிக்ரோமோ அந்த இலக்கணப்படி போஸ்ட்பயாடிக் ஆகாது. இங்கே ஒரு மாதமாக நாம் பேசுகிற பொருளுக்கே அந்தப் பேர் பொருந்தாது, என்ன செய்ய.

அம்மாவிடம் இதை விளக்கினேன். 'அப்போ மோர்க்குழம்பு?' என்றார். பாக்டீரியா கொதித்துச் செத்து, பாகங்களோடு, பூசணிக்காயும் சேர்ந்து. இட்லியும் அந்தக் கணக்கில்தான் வரும், மாவில் இருந்த அத்தனை பேரும் ஆவியில் வெந்துவிடுகிறார்களே. நன்மை நிரூபணம் மட்டும் பாக்கி.

6 ஜூலை

எல்லா ப்ரோபயாடிக்கும் ஒரே சாதி இல்லை என்பதற்கு ஒரு கதை. 1917, முதல் உலகப் போர், ஜெர்மனி. சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு, ஒரு சிப்பாய்க்கு மட்டும் வரவில்லை. அவன் மலத்திலிருந்து நிஸ்லே என்ற மருத்துவர் ஈ.கோலி ஒன்றைப் பிரித்தார். ஈ.கோலி நிஸ்லே 1917, உலகத்தின் மிகப் பழைய ப்ரோபயாடிக்குகளில் ஒன்று, இன்றும் மருந்தாக விற்கிறது.

2006இல் ஈ.கோலியின் சில வகைகள் கோலிபேக்டின் என்ற பொருளைச் செய்வது தெரிந்தது. அது மனித செல்லின் டிஎன்ஏவை வெட்டும். 2020இல் பெருங்குடல் கேன்சர் கட்டிகள் சிலவற்றில், அது டிஎன்ஏவில் விட்டுப்போகிற கைரேகையைப் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஆராய்ச்சியில், 40 வயதுக்குள் பெருங்குடல் கேன்சர் வந்தவர்களிடம் அந்தக் கைரேகை 70 தாண்டியவர்களைவிட 3.3 மடங்கு அதிகம். அந்தப் பொருளைச் செய்கிற ஜீன் கூட்டம் நிஸ்லே 1917இலும் இருக்கிறது. நூறு வருடம் வயிற்றுக்கு நல்லது செய்த ஆளின் பையில் கத்தி. அவனால் யாருக்கும் கேன்சர் வந்தது என்று நான் சொல்லவில்லை, சட்டையைப் பிடிக்காதீர்கள். பாக்டீரியா சுரப்பதெல்லாம் நம்மை நினைத்துச் சுரப்பது இல்லை என்று சொல்கிறேன்.

19 ஜூலை, காலை

பழைய சோறு. எப்படியும் இங்கே வந்து நிற்கும் என்று தெரியும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர்கள் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோற்றை ஆராய்ந்தது பத்திரிகைகளில் வந்தது. குடல் அழற்சி வேறு, கேன்சர் வேறு, முதலில் அதைப் பிரித்து வையுங்கள். எனக்குப் பழைய சோற்றில் பிடித்தது புளிப்புத் தண்ணீர் இல்லை, சோறுதான். சோறு ஆறினால் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத மாதிரி ஆகிவிடும். அது நேரே பெருங்குடலுக்குப் போய் ப்யூட்டிரேட் கும்பலுக்குத் தீனியாகும். உயிரோடு யாரையும் இறக்குமதி செய்யாமல், உள்ளூர்க்காரனுக்கே சாப்பாடு.

இந்தச் செரியாத ஸ்டார்ச்சை லின்ச் சிண்ட்ரோம் என்கிற பரம்பரை ஆபத்து உள்ளவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர், பாதிப் பேருக்கு வெறும் டம்மி. வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்டார்கள். பெருங்குடல் கேன்சர் குறையவே இல்லை! ப்யூட்டிரேட் தயாராகிற இடத்தில் பலன் பூஜ்யம். மற்ற இடத்துக் கேன்சர்கள், முக்கியமாக இரைப்பை, கணையம் பக்கம் வருகிறவை, சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. 7ஆம் தேதி நான் எழுதின அழகான கதையை வைத்துப் பார்த்தால் நேர் தலைகீழ். இதைப் படித்ததிலிருந்து அந்தக் கதையைச் சொல்கிறபோதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் என்றால் நாரையோ பழைய சோற்றையோ அளவில்லாமல் ஏற்றக் கூடாது தம்பி, குடல் தையல், பேதி எல்லாம் பார்த்து டயட்டீஷியன் சொல்வார். கீமோ நடக்கிறபோது ராத்திரி பூராவும் வெளியில் கிடந்த சோறும் வேண்டாம்.

19 ஜூலை, இரவு

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கீமோ முடிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் சாப்பிடலாம். 'எனக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், மோர்மிளகாய் இருக்கா' என்கிறார்.

2 ஆகஸ்ட், இரவு 11.45

கொளத்தூர்த் தம்பி எழுதியிருக்கிறான்: சீட்டை ரிப்போர்ட் மேல் வைத்தானாம், டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தாராம், கேப்சூல் இப்போது வேண்டாம், தயிர் வீட்டில் அன்றன்று தோய்த்தது என்றால் ரத்த அணு எண்ணிக்கை நன்றாக இருக்கிற வாரத்தில் சாப்பிடட்டும், குறைந்தால் சொல்கிறேன் என்றாராம். இது அவன் அம்மாவுக்கு அவர் டாக்டர் சொன்னது, மற்றவர்கள் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பெரியப்பா குரூப்பில் அடுத்ததாக முள்சீத்தா இலை அனுப்பியிருக்கிறாராம். அதற்கு வேறு யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கு முடியாது.

இந்தப் பேச்சால் பரணில் இருந்து என் தீசிஸை இறக்கினேன். கறையான் ஓரத்தைத்தான் தின்றிருக்கிறது. உள்ளே, எம்டிடி சாயம் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்த தட்டின் கலர் ஃபோட்டோ ஒன்று ஒட்டியிருக்கிறேன். செல் வளர்க்கிற திரவத்தில் ஃபீனால் ரெட் இருக்கும், நன்றாக இருந்தால் ரோஸ், அமிலமானால் மஞ்சள். ஒன்றும் ஊற்றாத வரிசை ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. என் பாக்டீரியாத் தண்ணீர் ஊற்றின மூன்று வரிசையும் பளிச்சென்று மஞ்சள். சீனியர் வந்து கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. படத்துக்குக் கீழே என் கையெழுத்தில் 'மருந்தின் விளைவு தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதியிருக்கிறேன்.